தொடையை ஏன் அளக்கிறார்கள்?

சுவரோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, முதுகும் பிட்டமும் சுவரில் ஒட்டும்படி நிமிர்ந்து உட்காருங்கள். முழங்காலைச் செங்குத்தாக மடக்கிக்கொண்டு, சுவரிலிருந்து முட்டியின் முன்பக்கம் வரை யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டினால், எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், எத்தனை கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் ஓடினாலும், இந்திய விமானப்படையில் நீங்கள் விமானி ஆக முடியாது. அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி உச்சந்தலை வரைக்குமான உயரம் 81.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது; 96-ஐத் தாண்டவும் கூடாது. காலின் நீளம் 99-க்கும் 120-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் இருப்பவர்களுக்கு விமானப்படை தூரத்துச் சங்கதி இல்லை. தாம்பரம் விமானப்படை நிலையம் தென்மேற்கே கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பறந்தால் ஒரு நிமிடம். ரேடியல் ரோட்டைப் பிடித்து பல்லாவரம் வழியாகப் போனால் எவ்வளவு நேரம் என்பது சிக்னலின் கையில் இருக்கிறது. அங்கே இருப்பது சாதாரணப் பயிற்சி மையமும் அல்ல. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. நட்பு நாடுகளின் விமானிகளும் வந்து படிக்கிறார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் மொட்டைமாடிகளில் துணி காயப்போடுகிறவர்கள் தலைக்கு மேலே போகும் சின்னப் பயிற்சி விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் என்.டி.ஏ., ஆஃப்கேட் என்று படை அதிகாரி ஆவதற்கான தேர்வுகளை எழுதுகிறார்கள். எழுத்துத் தேர்வு, தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனை, விமானி ஆகும் தகுதியைப் பார்க்கும் கணினித் தேர்வு எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனை வரும். அதற்கு பெங்களூருவில் உள்ள விண்வெளி மருத்துவக் கழகத்துக்கோ டெல்லியில் உள்ள விமானப்படை மத்திய மருத்துவ நிலையத்துக்கோ போக வேண்டும். கோச்சிங் சென்டர் வட்டாரத்தில் இரண்டு சொற்கள் புழங்கும்: ‘டி.ஆர்.’, ‘பி.ஆர்.’ தற்காலிக நிராகரிப்பு, நிரந்தர நிராகரிப்பு. எடை கூடியிருந்தால், காதில் அழுக்கு அடைத்திருந்தால் டி.ஆர்.; சரிசெய்துகொண்டு திரும்பி வரலாம். தொடை நீளம் கூடினால் பி.ஆர். அதற்கு வைத்தியம் கிடையாது.

ஊர் என்ன சொல்லும்? “பையனுக்கு உடம்பில் ஏதோ கோளாறாம்.” இந்தப் பேச்சுத்தான் என்னை இதைப் பற்றி எழுத வைத்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வானம் உடம்பை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டால் ‘கோளாறு’ என்ற சொல்லை யாரும் அவ்வளவு எளிதாக எடுக்க மாட்டார்கள்.

தொடையிலிருந்தே தொடங்கலாம். போர் விமானத்தின் இருக்கை ஒரு வகையில் ராக்கெட். கைப்பிடியை இழுத்தால், அடியில் இருக்கும் வெடிமருந்து இருக்கையைத் தண்டவாளம் போன்ற சட்டத்தில் மேலே தள்ளும். பிறகு ராக்கெட் பற்றிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் விமானி விமானத்துக்கு வெளியே இருப்பார். அந்தப் பயணத்தில் அவருடைய முட்டிக்கும், முன்னால் இருக்கும் கருவிப் பலகையின் விளிம்புக்கும் நடுவில் இருப்பது சில அங்குலம். தொடை நீளமாக இருந்தால் முட்டி அந்த விளிம்பில் இடிக்கும். உயிர் பிழைக்க ஏற்பட்ட வழியே காலைக் கொண்டுபோய்விடும். 64 என்ற எண் அங்கிருந்து வந்தது. உட்கார்ந்த உயரம் 96-ஐத் தாண்டினால் தலை மேல்மூடியில் முட்டும், 81.5-க்குக் குறைந்தால் விமானத்தின் மூக்குக்கு மேலாக ஓடுபாதை தெரியாது. கால் குட்டையாக இருந்தால் சுக்கான் மிதி எட்டாது. எல்லாம் இருக்கைக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள வடிவியல். உடம்பின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதுகெலும்பின் கதை இதைவிடக் கடினமானது. இருக்கை வெடித்துக் கிளம்பும் அந்தக் கணத்தில் உடம்பு தன் எடையைப் போலப் பன்னிரண்டு, பதினைந்து மடங்கு கனக்கும். 70 கிலோ ஆள் ஒரு டன் ஆகிவிடுவார். இடுப்புக்கு மேலே உள்ள பாகத்தின் சுமை மட்டுமே அரை டன்னைத் தாண்டி, கீழ் முதுகின் எலும்புகள் மேல் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தச் சுமை ஒவ்வொரு முள்ளெலும்பின் பரப்பு முழுவதிலும் பரவும். கொஞ்சம் குனிந்திருந்தால், அல்லது முதுகு பிறவியிலேயே ஒரு பக்கம் வளைந்திருந்தால், எலும்பின் ஒரு ஓரமே மொத்தத்தையும் தாங்க வேண்டும். அந்த ஓரம் நசுங்கி, எலும்பு ஆப்பு வடிவம் ஆகிவிடும். அதனால்தான் விமானி ஆக வருபவரின் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு முழுவதையும் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அவருக்கு ஒரு நாளும் முதுகு வலித்திருக்காது. எக்ஸ்ரே பார்க்கிற மருத்துவர் தேடுவது இன்றைய வலியை இல்லை; என்றோ ஒரு நாள், அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் வரப்போகும் சுமையை.

அந்த அரை நொடி நம் வட்டாரத்துக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்தது. 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசன் விமானத்திலிருந்து வெளியே பாய்ந்து, எல்லைக்கு அப்பால் இறங்கிய விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான். அப்பா எஸ். வர்தமான் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் தாம்பரம் பக்கம். மார்ச் 1 இரவு அவர் வாகா எல்லையைக் கடந்து வந்த காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. டெல்லியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கீழ் முதுகெலும்பில் அடிபட்டிருந்தது. விலா எலும்பிலும் காயம். நாடு முழுக்க அவர் மீசையை வைத்துக்கொண்ட நேரத்தில், அவருக்கு விமானம் ஓட்ட அனுமதி இல்லை. வீரத்தைப் பார்த்து மருத்துவ விதி வளையவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு விண்வெளி மருத்துவக் கழகம் பரிசோதித்து அனுமதி கொடுத்த பிறகு, 2019 செப்டம்பர் 2 அன்று பதான்கோட்டில் மீண்டும் மிக்-21-இல் ஏறினார். கூடப் பறந்தவர் அன்றைய விமானப்படைத் தளபதி பி.எஸ். தனோவா. அவரும் 1988-இல் ஒரு விமானத்திலிருந்து வெளியே பாய்ந்தவர்தான். மறுபடியும் பறக்க அவருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. அபிநந்தனுக்கு ஆறு மாதத்துக்குச் சற்றுக் கூடுதல்.

2024 அக்டோபரில் விமானப்படை நாள் அணிவகுப்பு தாம்பரத்தில் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 6-ஆம் தேதி, மெரினாவில் சாகசக் காட்சி. சுகோய் ஒன்று நேராகப் பாய்ந்து வந்து சட்டென்று வளைந்து மேலே ஏறியதைப் பார்த்தவர்கள், அந்த வளைவுக்குள் உட்கார்ந்திருந்த ஆளின் ரத்தம் என்ன ஆனது என்று யோசித்திருக்க மாட்டார்கள். வளைந்து ஏறும்போது உடம்பு இருக்கையில் அழுந்தும். புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு அழுத்தம் என்பதைத்தான் ‘ஜி’ என்ற அளவில் சொல்கிறார்கள். 9 ஜி என்றால் தலையும் ஹெல்மெட்டும் ஒன்பது மடங்கு கனக்கும். ரத்தமும் ஒன்பது மடங்கு கனக்கும், ஆபத்து அதில்தான்.

நம் புறநகரில் எல்லா வீட்டிலும் போர்வெல் மோட்டார் உண்டு. இரண்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பத்து மாடிக்கு ஏற்றாது. இதயமும் அப்படி ஒரு மோட்டார். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயத்திலிருந்து கண் வரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற, சாதாரண நிலையில் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகும். இதயம் தரும் அழுத்தம் 120. எனவே கண்ணுக்கும் மூளைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. 5 ஜி-யில் அதே 30 சென்டிமீட்டருக்கு 115-க்கு மேல் செலவாகும். கையிருப்பு கிட்டத்தட்டக் காலி. முதலில் பறிபோவது பார்வை; காரணம், கண்ணுக்குள் ஏற்கெனவே ஒரு அழுத்தம் இருப்பதால், அதையும் மீறித்தான் ரத்தம் உள்ளே நுழைய வேண்டும். ஓரங்கள் மங்கும், நிறம் வெளிறும், சாம்பல் படரும், பிறகு இருள். காது கேட்கும், நினைவு இருக்கும், கண் மட்டும் தெரியாது. இன்னும் இழுத்தால் நினைவும் போய்விடும். விழித்துத் தெளிய இருபது, இருபத்தைந்து நொடி ஆகலாம். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிற விமானம் அதற்குள் 6 கிலோமீட்டர் போயிருக்கும். கீழ்க்கட்டளைக்கு மேலே கண் மூடியவர், குரோம்பேட்டையைத் தாண்டித்தான் கண் திறப்பார். திறக்க உயரம் மிச்சமிருந்தால்.

இதை எதிர்கொள்ள, காற்று நிரம்பித் தொடையையும் வயிற்றையும் இறுக்கும் ஜி-சூட் போடுகிறார்கள். காலையும் வயிற்றையும் முறுக்கி, மூச்சை அடக்கி விட்டு விட்டு இழுக்கும் ஒரு முறையும் கற்றுத் தருகிறார்கள். பெங்களூருவில் ஒரு பெரிய சுழலி இருக்கிறது. நீண்ட கையின் முனையில் உள்ள கூண்டில் விமானியை உட்கார வைத்துச் சுற்றுவார்கள். தரையை விட்டு எழாமலே 9 ஜி வரும். யார் தாங்குவார்கள் என்பதில்தான் வேடிக்கை. இதயத்துக்கும் கண்ணுக்கும் இடைவெளி குறைந்த, கழுத்து குட்டையான, கட்டுமஸ்தான ஆளுக்கு இயற்கையே சலுகை தந்திருக்கிறது. ஒல்லியாக, உயரமாக, ஓய்வில் ரத்த அழுத்தம் குறைவாக இருக்கும் நெடுந்தூர ஓட்டக்காரருக்குச் சுழலியில் சீக்கிரம் கண் இருட்டும். மைதானத்தில் மெடல் வாங்குகிற உடம்பு ஒன்று, சுழலி கேட்கிற உடம்பு வேறொன்று.

ஜி-யை விட்டு உயரத்துக்கு வருவோம். 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதி. உடம்புக்குள் அடைபட்ட காற்றெல்லாம் இரண்டு மடங்கு ஊதும். காது, சைனஸ், குடல், பல். குடலில் உள்ள காற்று எப்படியாவது வழி கண்டுபிடித்துவிடும் (உயரச் சோதனைக்கு முந்தின நாள் மொச்சை, கொண்டைக்கடலை வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம்). காதுக்கு ஒரே வழிதான். நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் மெல்லிய குழாய். ஏறும்போது அது தானாகத் திறந்துகொள்ளும், இறங்கும்போது ஒட்டிக்கொள்ளும். தரையிறங்கும் நேரத்தில், கவனம் மொத்தமும் ஓடுபாதையில் இருக்க வேண்டிய கணத்தில், காதுக்குள் ஊசி இறங்கியது போல் வலி வரும். மூக்குத் தண்டு கோணலாக இருந்தால் ஏன் டி.ஆர். என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சாதாரணச் சளி பிடித்தால்கூட விமானி பறக்காமல் நிறுத்தப்படுவதும் இதனால்தான். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் சளி மாத்திரையை அவர் தொட முடியாது. அது தூக்கத்தைக் கொண்டுவரும்.

பல்லுக்கும் மதிப்பெண் உண்டு. கீழ்ப்பல்லோடு நன்றாகப் பொருந்தும் மேல்வரிசையின் ஒவ்வொரு முன்பல்லுக்கும், முன்கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு புள்ளி, பெரிய கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு; ஞானப்பல் முழுதாக வளர்ந்திருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று. வாய் நிறையப் பல் இருந்தால் 22 புள்ளி. குறைந்தது 14 வேண்டும். சரியாக அடைக்காத சொத்தைப் பல்லுக்குள் ஒரு குமிழ் காற்று இருந்தால் போதும், உயரத்தில் அது விரிந்து பல்வலியைக் கிளப்பிவிடும். ககன்யான் பயணத்துக்கு வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதற்கட்டத்தில் பலர் பல்லில் தடுக்கி விழுந்தார்கள் என்று செய்தி வந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த சோதனை விமானிகள் அவர்கள்! தேர்வான நால்வரில் குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

வலியாவது எச்சரிக்கும். பிராணவாயு குறைவு எச்சரிக்காது. 25,000 அடியில் முகமூடி இல்லாவிட்டால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை சுயபுத்தி இருக்கும். 40,000 அடியில் பதினைந்து, இருபது நொடி. அதற்குள் மூச்சு முட்டும் என்று நினைக்கிறோம். முட்டாது. நெஞ்சில் மூச்சுமுட்டலைக் கிளப்புவது பெரும்பாலும் சேர்ந்துபோகும் கரியமில வாயுதான். உயரத்தில் அது சேர்வதில்லை. மாறாக ஒரு குஷி வரும். 1875 ஏப்ரல் 15 அன்று ‘ஜெனித்’ என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். பிராணவாயுப் பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கை எழவில்லை. இருவர் இறந்தார்கள். பிழைத்த காஸ்தோன் திசாந்தியே, கடைசியில் தனக்குப் பயமே இல்லை, ஒருவித ஆனந்தம்தான் இருந்தது என்று எழுதி வைத்தார். விமானிகளைக் காற்றழுத்தம் குறைக்கும் அறையில் உட்காரவைத்து எழுதச் சொல்லும் பயிற்சி இன்றும் உண்டு. கையெழுத்து கோணிக்கொண்டே போகும். எழுதுகிறவரோ நன்றாக எழுதுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். தன் உடம்பு தனக்குத் தரும் முதல் அடையாளம் எது, விரல் மரப்பா, முகச் சூடா என்று அவரவர் தெரிந்துகொள்ளத்தான் அது.

கண்ணைப் பற்றித்தான் வீடுகளில் அதிகம் கேட்பார்கள். விமானி ஆக ஒரு கண் 6/6, இன்னொன்று 6/9 வரை இருக்கலாம், கிட்டப்பார்வை கூடாது. பார்வைக்காக நிராகரிக்கப்பட்ட இந்தியர்களில் மிகப் பிரபலமானவர் கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பறக்கும் படை அவரைக் கண்பார்வை சரியில்லை என்று அனுப்பிவிட்டது. பையன் விடவில்லை. மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர்பெற்ற ஒரு கண் மருத்துவரிடம் மறுபடி காட்டினார். அவர் சரியென்றார், முடிவு மாறியது. 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. அதே ஜூலை 22 அன்று வானத்திலேயே கொல்லப்பட்டார். வயது பத்தொன்பது.

நிறப் பார்வைக்கு மறுபரிசோதனையும் மோட்டார் சைக்கிளும் உதவாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதில் பிசகு இருந்தால் மாற்று கிடையாது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இந்தக் குறை இருக்கிறது. பெண்களில் மிக அபூர்வம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. சிக்னலில் மேலே எரிவது சிவப்பு, கீழே எரிவது பச்சை என்று இடத்தை வைத்தே வாழ்க்கையை ஓட்டிவிடுவார்கள். இரவில் ஓடுபாதைக்கு இறங்கும் விமானிக்கு அந்த வசதி இல்லை. பாதையோரம் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவு. நான்கும் சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டீர்கள். எதிரே தெரியும் விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு, வலச் சிறகில் பச்சை; அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது அந்த நிறத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் புள்ளிகளால் எண் எழுதிய அட்டையோடு விடாமல், இருட்டறையில் மார்ட்டின் விளக்கு என்ற கருவியில் மினுக்கும் சின்னஞ்சிறு ஒளிப்பொட்டுகளைக் காட்டி நிறம் கேட்கிறார்கள்.

இவ்வளவும் ஞாயமாகத்தான் படுகிறது. ஆனால் பட்டியலில் உள்ள எல்லாமே எப்போதும் ஞாயமாக இருந்ததில்லை. முதல் உலகப் போரின்போது, இறந்த விமானிகள் நூறு பேரில் எதிரியால் செத்தவர்கள் இரண்டே பேர், விமானப் பழுதால் எட்டுப் பேர், மீதித் தொண்ணூறு பேரும் சொந்தக் குறையால் என்று பிரிட்டிஷ் கணக்காக ஒன்றை அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் மேற்கோள் காட்டினார்கள். எண்கள் இவ்வளவு வட்டமாக இருப்பதே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஆனாலும் விமானிக்கென்று தனி மருத்துவம் தோன்ற அது பெரிய தூண்டுதல். உடனே சோதனைகள் குவிந்தன. ஆளை நாற்காலியில் உட்காரவைத்து இருபது நொடியில் பத்துச் சுற்று சுற்றுவார்கள். நிறுத்தியதும் கண்மணி துடிக்கும். அந்தத் துடிப்பு 26 நொடியை ஒட்டி நிற்க வேண்டும். ரொம்பக் குறைந்தாலும் கூடினாலும் வீட்டுக்குப் போகலாம். பிறகுதான் தெரிந்தது, அந்தத் துடிப்புக்கும் விமானம் ஓட்டும் திறமைக்கும் சொல்லிக்கொள்ளும்படி உறவில்லை என்று. எத்தனை நல்ல விமானிகளை அந்த நாற்காலி துரத்தியதோ!

அரிவாள் செல் ரத்தம் இன்னொன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர்கள் சாதாரணமாக ஆரோக்கியமாகவே வாழ்கிறார்கள். உயரத்தில் ரத்தம் கெட்டியாகிவிடும் என்ற அச்சத்தில் அமெரிக்க விமானப்படை அகாடமி அவர்களைச் சேர்க்காமல் இருந்தது. விலக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்கள். வழக்கு மன்றம் வரை போன பிறகு 1981-இல் அந்தத் தடை நீங்கியது. இது நமக்கு அந்நியக் கதை இல்லை. இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்டது 1952-இல், நம் நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்.

எனக்குப் பிடித்த கதை கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அமெரிக்க அதிகாரியுடையது. ஜெட் விமானங்கள் வந்த புதிதில் அமெரிக்க விமானப்படையில் விபத்துகள் குவிந்தன. விமானி அறை ‘சராசரி ஆளுக்கு’ என்று அளந்து கட்டப்பட்டிருந்தது. சராசரி மாறியிருக்கும், மறுபடி அளப்போம் என்று 1950-இல் 4,063 விமானிகளை அளந்தார்கள். டேனியல்ஸ் அதில் உயரம், மார்பு, கை நீளம் என்று முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு ஒரு எளிய கேள்வி கேட்டார்: இந்தப் பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர் எத்தனை பேர்? விடை: பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. உயரம் சராசரி என்றால் கை நீளம். கை சராசரி என்றால் இடுப்பு குறுகல். சராசரி ஆளுக்கென்று கட்டிய அறை யாருக்குமே கட்டப்படவில்லை. அதன் பிறகுதான் முன்பின் நகரும் இருக்கை, தள்ளி வைக்கக்கூடிய மிதி, இழுத்துக் கட்டும் பட்டை எல்லாம் வந்தன. மனிதனைத் திருத்துவதை விட்டு நாற்காலியைத் திருத்தினார்கள். 2020-இல் அமெரிக்க விமானப்படை விமானிகளுக்கான பொது உயர வரம்பையே எடுத்துவிட்டு, எந்த விமானத்துக்கு எந்த உடம்பு என்று தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கியது.

இதைப் படித்த பிறகு 64 சென்டிமீட்டரை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த எண்ணில் பாதி உடம்பின் கணக்கு, பாதி இருக்கையைச் செய்த கம்பெனியின் கணக்கு. பிரிட்டனில் நாட் என்ற குட்டிப் பயிற்சி விமானம் பறந்த காலத்தில், அதில் அடங்காத நெட்டை மாணவர்களை ஹண்டர் விமானத்தில் வைத்துப் பயிற்றுவித்தார்கள். ஒரே ஆள், ஒரு விமானத்துக்குத் தகுதியில்லாதவர், பக்கத்து விமானத்துக்குத் தகுதியானவர். அதனால் மருத்துவ அறிக்கையில் ‘தகுதியில்லை’ என்று வந்தால், எதற்குத் தகுதியில்லை என்ற பாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தரைப்பணிப் பிரிவுகளுக்கு வேறு அளவுகோல். கப்பலுக்கு வேறு. விமானியாகிவிட்ட பிறகும் இந்த அளவுகோல் விடாது. வருடா வருடம் பரிசோதனை உண்டு. ‘ஏ1ஜி1’ என்றால் வானத்துக்கும் தரைக்கும் முழுத் தகுதி. அந்த ‘ஏ’ இறங்கினால் பறப்பது நின்றுவிடும். உலகம் முழுக்க விமானிகள் மருத்துவரைப் பார்த்தால் வலியை மறைப்பதும், ஸ்குவாட்ரனில் கூடவே இருந்து சாப்பிட்டுப் பேசிப் பழகும் ஒரு மருத்துவ அதிகாரியை விமானப்படைகள் வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ஒருவர் 1958-இல் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். எடுத்தது எட்டுப் பேரை. இவர் ஒன்பதாவது. ராமேஸ்வரத்துக்காரர். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74 வயதில், ஜி-சூட் மாட்டிக்கொண்டு புனேயிலிருந்து சுகோய்-30 விமானத்தில் பறந்தார். அந்த எட்டுப் பேரின் பெயர்கள் எனக்குத் தெரியாது. அவர்களும் நன்றாகவே பறந்திருப்பார்கள்.

பிள்ளை விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோச்சிங் சென்டரில் பணம் கட்டும் முன், பிளஸ் ஒன் சேரும்போதே, பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் போய் நிறப் பார்வையைச் சோதித்துவிடுங்கள். சில நிமிட வேலை. கண்ணாடியைத் தவிர்க்க லேசர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அந்த ஆண்டு அறிவிப்பில் அந்தப் பிரிவுக்கு என்ன விதி என்று படிக்காமல் செய்யாதீர்கள். அந்த விதிகள் பிரிவுக்குப் பிரிவு மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். என்.டி.ஏ. தேர்வு அறிவிப்பின் பின்னிணைப்பில் மருத்துவத் தகுதிகள் முழுதாக அச்சிடப்பட்டிருக்கும். விண்ணப்பம் போடும் பலர் அந்தப் பக்கம் வரை புரட்டுவதில்லை. நிராகரிப்பு வந்தாலும் மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. அதற்குக் கெடு நாள் உண்டு, தவறவிடாதீர்கள். தொடை நீளத்தை மட்டும் இன்றைக்கே வீட்டிலேயே அளந்துவிடலாம்.